செகண்ட் ஹேண்ட் போன் ஸ்டிக்கரில் "அப்டேட் எதுவரை" என்று எந்தத் தேதியை எழுதுவது?

பொள்ளாச்சி_செல்கடை எழுதியது:

வணக்கமுங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்களுக்குச் சின்னதா ஒரு செல்போன் கடை. ரிப்பேர் டேபிளை வீட்டுக்காரர் பாத்துக்கறார். பழைய போன் வாங்கி விக்கற வேலை என்னோடது. விக்கற ஒவ்வொரு போனுக்குப் பின்னாடியும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவேன். பேட்டரி மாத்தினதா, டிஸ்ப்ளே ஒரிஜினலா, போர்டுல கை வெச்சிருக்கா, தண்ணி பட்டிருக்கா, எல்லாம் அதுல இருக்கும். அதுல எழுதினது ஒண்ணுகூட பொய்யா இருக்கக் கூடாதுங்கறதுல நான் கறார்.

இப்ப அதுல இன்னொரு வரி சேக்கப் போறேன்: "சாஃப்ட்வேர் அப்டேட் எதுவரைக்கும்". மருந்து அட்டைல போடற மாதிரி ஒரு மாசம், ஒரு வருஷம், அவ்வளவுதான். கேக்க சுலபமா இருக்கு. எழுத உக்காந்தா மூணு போன்லயே நின்னுட்டேனுங்க.

மொத போன், பிக்சல் 4ஏ. 2020 மாடல். கூகுள் பக்கத்துல 2023 ஆகஸ்ட் வரைக்கும்தான் உத்தரவாதம்னு போட்டிருக்கு. ஆனா 2025 ஜனவரில இதுக்கு ஒரு அப்டேட் வந்துச்சு. செட்டிங்ஸ்க்குள்ள போனா செக்யூரிட்டி அப்டேட்னு ஒரு தேதி, கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்னு வேறொரு தேதி. கைல இருக்கறது ஒரே போன், அதுக்கு நாலு தேதி.

ரெண்டாவது, ஐபோன் எக்ஸ்ஆர். எங்க ஊர்ல இதுக்கு இன்னும் நல்ல கிராக்கி. 2025 செப்டம்பர்ல வந்த ஐஓஎஸ் 26 இதுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. ஆனா அதே நேரத்துல 18.7 வந்துச்சு, போட்டும் பாத்துட்டேன், நல்லா ஓடுது. இது முடிஞ்ச போனா, முடியாத போனா?

மூணாவது, ரெட்மி நோட் 4. 2017ல வந்தது. கம்பெனி குடுத்தது ஆண்ட்ராய்டு 7 வரைக்கும்தான். கொண்டு வந்த பையன் லினேஜ் ரோம் (கம்பெனி இல்லாம தன்னார்வலர்கள் செஞ்சு தர்ற ஆண்ட்ராய்டு) போட்டு வெச்சிருக்கான். இதுல காட்டற பேட்ச் (ஓட்டை அடைக்கற திருத்தம்) தேதி எங்கிட்ட இருக்கற எல்லா போனை விடவும் புதுசு. அப்ப ஸ்டிக்கர்ல இதுக்குத்தான் நல்ல தேதி போடணுமா? மனசு ஒப்பலை. ஏன் ஒப்பலைன்னு சொல்லவும் தெரியலை.

எங்களுக்கு மொத்தமா போன் தர்றவர்கிட்ட கேட்டேன். "ஆப் எல்லாம் ஓடுதில்ல, அப்புறம் என்ன"ன்னுட்டார். ஆனா எங்கிட்ட வாங்க வர்றவங்க தென்னை நார் மில்லுல வேலை செய்யறவங்க, காலேஜ் சேர்ற பையனுக்கு வாங்கற அம்மாக்கள், பென்ஷன் வாங்கற பெரியவங்க. அவங்க பேங்க் கணக்கு, ஓடிபி, ஆதார் எல்லாம் இந்த ஒரு போனுக்குள்ளதான். அந்த போன்ல ஒரு ஓட்டை தெரிய வந்தா, அதை அடைக்க இன்னும் யாராவது இருக்காங்களா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான் என் ஆசை.

எந்தத் தேதியை எழுதட்டுங்க? எந்த நாள்ல "முடிஞ்சுது"ன்னு எழுதட்டும்?


வேலூர்_மணி எழுதியது:

அக்கா, உங்க நேர்மை பிடிச்சிருக்கு. ஆனா வாங்கறவங்களுக்குப் புரியற தேதி ஒண்ணே ஒண்ணுதான், வாட்ஸ்அப் எதுவரைக்கும் ஓடும்ங்கறது. 2025 ஜனவரி 1ல இருந்து ஆண்ட்ராய்டு 5க்குக் கீழ வாட்ஸ்அப் இல்லை. ஜனங்க அன்னிக்குத்தான் "இந்த போன் செத்துப்போச்சு"ன்னு கடைக்கு வந்தாங்க. பேட்ச் தேதியைப் பாத்துட்டு யாரும் வரலை. எங்க அப்பா ஆண்ட்ராய்டு 9 போன்தான் வெச்சிருக்கார், ஒரு தொந்தரவும் இல்லை. சாதாரண ஆளுக்கு ஆப் ஓடினா சப்போர்ட் இருக்கு, ஓடலைன்னா இல்லை. இதைவிட சிக்கலா எழுதினா ஸ்டிக்கரை யாரும் படிக்க மாட்டாங்க.


ராயப்பேட்டை_ரோம் எழுதியது:

மணி சொல்றது நடைமுறை. ஆனா அதை ஸ்டிக்கர்ல எழுதறதை நான் ஒத்துக்க மாட்டேன். இருக்கற தேதிகள்லயே ரொம்பத் தாமதமா வர்ற தேதி "ஆப் நின்ன தேதி"தான். ஒரு ஆப்பை எந்த வெர்ஷன் வரைக்கும் ஓட விடறதுன்னு முடிவு பண்றவங்க, அந்த வெர்ஷன்ல இன்னும் எத்தனை பேர் இருக்காங்க, பராமரிக்க எவ்வளவு செலவுன்னுதான் பாக்கறாங்க. உங்க போன் பத்திரமா இருக்கான்னு அவங்க பாக்கறதில்லை. குரோமை எடுத்துக்கங்க. ஆண்ட்ராய்டு 8, 9க்குக் கடைசி வெர்ஷன் 138. அதுக்கு அடுத்த 139, 2025 ஆகஸ்ட்ல வந்தது, ஆண்ட்ராய்டு 10 இருந்தாத்தான் ஏறும். அப்பா போனுக்குக் கம்பெனி எப்ப பேட்ச் நிறுத்துச்சுன்னு பாருங்க மணி. அந்த நாள்ல இருந்து குரோம் நின்ன நாள் வரைக்கும் இடையில எத்தனை வருஷம் போயிருக்குன்னு கணக்குப் போடுங்க. அத்தனை வருஷமும் ஆப் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. கீழே ஓட்டை திறந்தே கிடந்துச்சு.

அக்கா, உங்க மூணு போனுக்கும் பதில் சொல்றதுக்கு முன்னாடி பேட்ச் தேதின்னா என்னன்னு சொல்லிடறேன். பாதி குழப்பம் அங்கதான் இருக்கு.

2015ல ஸ்டேஜ்ஃப்ரைட்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. வீடியோவோட ஒரு எம்எம்எஸ் அனுப்பினாலே போனுக்குள்ள நுழைய முடியும்ங்கற நிலைமை. அந்த ஆகஸ்ட்ல இருந்துதான் கூகுள் மாசாமாசம் பாதுகாப்பு அறிக்கை வெளியிட ஆரம்பிச்சுது. வழக்கமா அந்த அறிக்கைல ரெண்டு தேதி இருக்கும், 01ல முடியறது ஒண்ணு, 05ல முடியறது ஒண்ணு. போன்ல காட்டற பேட்ச் தேதி அங்க இருந்து வர்றதுதான். 01ங்கறது ஆண்ட்ராய்டோட மேல் பகுதி, சோர்ஸ் (எழுதின நிரல்) எல்லாருக்கும் கிடைக்கும். 05ங்கறது அதோட சேர்த்து கர்னல் (சிஸ்டத்தோட அடித்தளம்), அப்புறம் சிப் கம்பெனிகளோட பகுதி: மோடம், வைஃபை, ஜிபியு, கேமரா டிரைவர். இதுல நிறைய மூடின பைனரி, அதாவது சோர்ஸ் வெளிய தராத கோப்பு. குவால்காமோ மீடியாடெக்கோ திருத்திக் குடுக்கணும், போன் கம்பெனி அதைக் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வேற யாராலயும் முடியாது.

நான் சில வருஷமா பழைய போன்களுக்கு ரோம் பில்ட் பண்றவன். மனசார சொல்றேன், எங்களால அந்த மூடின பகுதியைத் தொடவே முடியாது. கம்பெனியோட கடைசி ரோம்ல இருந்து அந்தப் பைனரிகளை அப்படியே எடுத்து வெச்சுத்தான் பில்ட் பண்றோம். மேல இருக்கறது இந்த மாசத்தோடது, அடியில இருக்கறது கம்பெனி விட்டுட்டுப் போன வருஷத்தோடது. ரெட்மி நோட் 4ல உங்களுக்கு மனசு ஒப்பலைன்னீங்களே, சரியாத்தான் சொல்லியிருக்கு. லினேஜ்ல டிரஸ்ட்னு ஒரு பக்கம் இருக்கும். ஆண்ட்ராய்டு பகுதியோட பேட்ச் நிலையையும் வெண்டர் பகுதியோடதையும் (சிப், போன் கம்பெனிகளோட அந்த மூடின பகுதி) அங்க தனித்தனியா பிரிச்சுச் சொல்லுவாங்க. அந்தப் பிரிவை வெச்சவங்க ஒளிவு மறைவு இல்லாம வெச்சிருக்காங்க. பெரிசா தெரியற தேதியை மட்டும் பாத்து வாங்கறவங்கதான் ஏமாந்துபோறாங்க.

அதனால என் அளவுகோல் இது: அடியில இருக்கற பகுதிக்குத் திருத்தம் வர்றது என்னிக்கு நிக்குதோ, அன்னிக்கு அந்த போனோட சப்போர்ட் முடிஞ்சுது. அதுக்கு மேல ரோம் போட்டு ஓட்டலாம், நானே அப்படி ஒண்ணு ஓட்டறேன். தெரிஞ்சவன் தெரிஞ்சு எடுக்கற முடிவு அது. நார் மில்லுல வேலை பாக்கறவர் காசு குடுத்து வாங்கற போனுக்கு அந்தத் தேதியைப் போடறது நியாயம் இல்லை.

பிக்சல் 4ஏ: 2023 ஆகஸ்ட்னே எழுதுங்க. 2025 ஜனவரில வந்தது பேட்டரி விஷயமா வந்த அப்டேட். சில யூனிட்ல பேட்டரி எவ்வளவு சார்ஜ் ஏத்துக்கும்ங்கறதையே குறைச்சுது. ஓட்டை அடைக்க வந்தது இல்லை. அப்டேட் வந்துச்சுங்கறதும் சப்போர்ட் இருக்குங்கறதும் ஒண்ணு இல்லைங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை. ப்ளே சிஸ்டம் அப்டேட் தேதி ஆண்ட்ராய்டு 10ல ஆரம்பிச்ச மெயின்லைன் ஏற்பாடு. மீடியா கோடெக் (பாட்டு, வீடியோவை ஓட்டற பகுதி) மாதிரி சில துண்டுகளை மட்டும் ப்ளே வழியா புதுப்பிக்கும். இருக்கறது நல்லதுதான். ஆனா அது மோடத்தையும் கர்னலையும் தொடாது. ஸ்டிக்கர்ல அந்தத் தேதியை எழுதவே எழுதாதீங்க.

இன்னொரு விஷயம், இதை எல்லாரும் மறந்துடறாங்க. கம்பெனி சொல்ற வருஷக் கணக்கு போன் முதல்ல விற்பனைக்கு வந்த நாள்ல இருந்து ஓடுது, நீங்க வாங்கின நாள்ல இருந்து இல்லை. கூகுள் அவங்க அமெரிக்கக் கடைல வந்த நாளை வெச்சு எண்ணறாங்க. 4ஏ இங்க 2020 அக்டோபர்லதான் வந்துச்சு, கணக்கு ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சிடுச்சு. செகண்ட் ஹேண்ட் வாங்கறவருக்கு மீதி எவ்வளவு இருக்குங்கறதுதான் கேள்வி. அதனால "7 வருஷ சப்போர்ட்"னு எழுதாம முடியற மாசத்தை எழுதுங்க. பிக்சல் 6ஏ 2027 ஜூலை. பிக்சல் 7 2027 அக்டோபர். பிக்சல் 8 2030 அக்டோபர். இதெல்லாம் அவங்க பக்கத்துலயே இருக்கு.

சாம்சங்குக்கு வேற வழி. அவங்க பாதுகாப்புப் பக்கத்துல மாடல்களை மாசாமாசம், மூணு மாசத்துக்கு ஒருமுறை, அரை வருஷத்துக்கு ஒருமுறைன்னு பிரிச்சு லிஸ்ட் போடுவாங்க. போன் வயசாக ஆக ஒரு லிஸ்ட்ல இருந்து அடுத்ததுக்கு இறங்கும். லிஸ்ட்லயே இல்லைன்னா முடிஞ்சுது. தனியா அறிவிப்பு எதிர்பாக்காதீங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. செட்டிங்ஸ்ல காட்டற தேதியே முழு உண்மையா இருக்கணும்னு இல்லை. 2018ல பெர்லின்ல இருக்கற செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ்ங்கற குழு சுமார் 1,200 போன்களோட ஃபர்ம்வேரை (கம்பெனி போட்டு அனுப்பற சாஃப்ட்வேர்) பிரிச்சுப் பாத்துச்சு. தேதி மட்டும் முன்னேறி, அந்தத் தேதிக்குள்ள வந்திருக்க வேண்டிய சில திருத்தங்கள் இல்லாத போன்கள் அதுல இருந்துச்சு. விலை குறைஞ்ச சிப் இருக்கற போன்ல இது அதிகம். அதனால பேட்ச் தேதியை "இதுக்கு மேல இல்லை"ங்கற எல்லையா மட்டும் எடுத்துக்கங்க.

ஒரு மாசம் பேட்ச் வரலைன்னு பதறவும் வேண்டாம். 2025 ஜூலை அறிக்கைல ஒரு திருத்தம்கூட இல்லை. அந்தப் பத்து வருஷத்துல அதுதான் முதல் தடவை. அவசரமானதை மட்டும் மாசாமாசம், மத்ததை மூணு மாசத்துக்கு ஒருமுறை மொத்தமான்னு கூகுள் மாத்திட்டாங்க.


மலைக்கோட்டை_டீச்சர் எழுதியது:

ஐபோன் பற்றி நான் எழுதுகிறேன். பள்ளியில் என்னிடம் சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆப்பிள் பக்கத்தில் "விண்டேஜ்", "அப்ஸலீட்" என்று இரண்டு பட்டியல் இருக்கும். விற்பனைக்கு வெளியிடுவதை நிறுத்தி 5 வருடம் கடந்தால் ஒன்று, 7 வருடம் கடந்தால் மற்றொன்று. அது ரிப்பேருக்கும் உதிரி பாகத்துக்குமான கணக்கு. சாஃப்ட்வேருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து ஸ்டிக்கர் எழுத வேண்டாம்.

ஆப்பிள் பழைய போன்களுக்கு முடிவுத் தேதி சொல்வதில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் குறைந்தபட்சக் காலத்தை வெளியிடச் சொன்னதால், ஐபோன் 15 ப்ரோ மேக்ஸுக்கு "முதல் விற்பனை நாளிலிருந்து குறைந்தது 5 வருடம்" என்று எழுதிக் கொடுத்தார்கள். நடப்பில் அதைவிட அதிகமாகவே தருகிறார்கள். 2015இல் வந்த 6எஸ், ஐஓஎஸ் 9இல் தொடங்கி 15 வரை வந்தது.

இப்போது எக்ஸ்ஆர். என்னைக் கேட்டால் "முடிந்தது" என்று எழுதுவது தவறு. "முழுதாக இருக்கிறது" என்று எழுதுவதும் தவறு. 5எஸ் கதையைப் பாருங்கள். 2013இல் வந்த போன். ஐஓஎஸ் 12உடன் நின்றது. 2021 செப்டம்பரில் 12.5.5. அதன் பிறகு ஒரு வருடம் நெருங்கும் வரை ஒன்றுமே இல்லை. எல்லோரும் முடிந்துவிட்டது என்று எழுதினார்கள். 2022 ஆகஸ்ட் கடைசியில் 12.5.6 வந்தது. 2023 ஜனவரியில் 12.5.7. பத்து வயதை நெருங்கிய போனுக்கு அதைச் செய்தார்கள், அதற்கு நான் மனமார நன்றி சொல்வேன். ஆனால் அவை வந்த காரணம் வேறு. அந்த ஓட்டைகளைப் பயன்படுத்தித் தாக்குதல் நடந்துகொண்டிருக்கலாம் என்று தெரிந்ததால் அவற்றை மட்டும் அடைத்தார்கள். அதே காலத்தில் புதிய ஐஓஎஸ்ஸில் அடைக்கப்பட்ட மற்ற ஓட்டைகளின் பட்டியலை எடுத்து வைத்துப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆப்பிளே தங்கள் ஆவணத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்: தெரிந்த பாதுகாப்புக் குறைகள் எல்லாமே பழைய வெர்ஷன்களில் சரிசெய்யப்படுவதில்லை. எனக்கு இந்த ஒரு வரி போதும். தெரிந்த ஓட்டைகள் எல்லாம் அடைபட்டால் அதற்குப் பெயர் சப்போர்ட். சிலவற்றை மட்டும், அவர்கள் அவசரம் என்று நினைக்கும்போது மட்டும் அடைத்தால் அது வேறு நிலை. உங்கள் ஸ்டிக்கரில் அந்த இடைப்பட்ட நிலைக்கு ஒரு இடம் வேண்டும்.


நெக்கார்_கரை எழுதியது:

அக்கா, நான் ஸ்டுட்கார்ட்டில இருக்கிறன். உங்கட கேள்வியை இஞ்ச சட்டமாவே எழுதிப்போட்டினம், அதால சொல்லலாம் எண்டு வந்தன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2023/1670 எண்ட விதி 2025 ஜூன் 20இல இருந்து நடைமுறை. அதில அப்டேட்டுக்கு ஐஞ்சு வருஷம் எண்டு இருக்கு. அது எந்த நாளில இருந்து எண்டதுதான் முக்கியம்: அந்த மாடலின்ர கடைசி யூனிட்டைச் சந்தைக்கு விட்ட நாளில இருந்து. முதல் நாளில இருந்து இல்லை. கடைசியா வாங்கின ஆளுக்கும் ஐஞ்சு வருஷம் கிடைக்கோணும் எண்ட நோக்கம். ஆனா அந்த வரியில "அப்டேட் குடுத்தால்" எண்ட மாதிரி ஒரு வார்த்தை கிடக்குது. குடுக்கிறது கட்டாயமோ, குடுத்தா இலவசமாக் குடுக்கோணும் எண்டு மட்டுமோ எண்டு ஆக்கள் ரெண்டு விதமாக் கதைக்கினம். அதால அந்த ஐஞ்சு வருஷத்தை அப்பிடியே நம்பி நீங்கள் எழுதேலாது.

ஆனா உங்களுக்கு உதவக்கூடிய இன்னொரு எண் அதில இருக்கு. அடிப்படை ஓஎஸ்ஸுக்கான பாதுகாப்புத் திருத்தம் வெளியில வந்தா, அதை நாலு மாதத்துக்குள்ள போனுக்குக் கொண்டுவரோணும். அம்சங்கள் கூட்டுற அப்டேட்டுக்கு ஆறு மாதம். நீங்கள் கேட்டனீங்கள் தானே, எந்த நாளில முடிஞ்சது எண்டு எழுதிறது எண்டு. நாலு மாதம் பேட்ச் வராட்டி முடிஞ்சது எண்டு வைச்சால் அது உங்கட சொந்தக் கணக்கா இருக்காது, ஆரும் கேட்டால் காட்ட ஒரு விதி இருக்கும்.

ராயப்பேட்டைத் தம்பியிட்ட ஒரு கேள்வி. ஃபேர்ஃபோன் 2, 2015 டிசம்பரில வந்தது, குவால்காமின்ர ஸ்னாப்டிராகன் 801 சிப். ஆண்ட்ராய்டு 6க்குப் பிறகு குவால்காம் அந்தச் சிப்பைக் கைவிட்டிட்டுது. ஆனாலும் அந்தச் சின்னக் கொம்பனி தானே வேலை செய்து ஆண்ட்ராய்டு 10 வரைக்கும் கொண்டுவந்து, 2023 மார்ச்சிலதான் நிப்பாட்டினது. ஏழு வருஷத்துக்கு மேல. நான் அதைக் கன காலம் பாவிச்சனான். உங்கட அளவுகோலின்படி அது குவால்காம் கைவிட்ட அண்டைக்கே செத்த போன். அதை என்னால ஏற்றுக்கொள்ளேலாது.


ராயப்பேட்டை_ரோம் எழுதியது:

நெக்கார் அண்ணா, நல்ல கேள்வி. ஃபேர்ஃபோன் 2 மேல எனக்கும் பெரிய மரியாதை. கம்பெனியே பொறுப்பேத்துக்கிட்டு, இது இதெல்லாம் எங்களால முடியும், இது முடியாதுன்னு வெளிப்படையா சொல்லி ஒரு நாளையும் குறிச்சு நிறுத்தினாங்க. தன்னார்வலர் ரோம்ல இல்லாத ஒண்ணு அதுல இருந்துச்சு: பதில் சொல்ல ஒரு முகவரி. அதனால அதை "சப்போர்ட் இருந்துச்சு, 2023 மார்ச் வரை"ன்னு எழுதறதுல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனா குவால்காமோட மூடின பைனரிக்குள்ள இருந்த ஓட்டைகளை அவங்களாலயும் தொட முடிஞ்சிருக்காது, அதையும் மறக்கக் கூடாது. அடுத்து அவங்க எடுத்த முடிவே அதைச் சொல்லுது: ஃபேர்ஃபோன் 5க்குப் போன்ல வர்ற வழக்கமான சிப்பை விட்டுட்டு, தொழிற்சாலைக் கருவிகளுக்காக நீண்ட காலம் சப்போர்ட் கிடைக்கற க்யூசிஎம் 6490ஐ எடுத்தாங்க. சிப் கம்பெனி கைவிட்டா என்ன பாடுன்னு பட்டுத் தெரிஞ்சவங்க எடுத்த முடிவு.

டீச்சர் சொன்ன இடைப்பட்ட நிலையை நான் முழுசா ஒத்துக்கறேன். சாம்சங்கோட அரை வருஷ லிஸ்ட்ல இருக்கற போன்களுக்கும் அதுதான் சரியான இடம்.

நாலு மாசம்ங்கறதும் நல்ல அளவு. ஒரே ஒரு திருத்தம்: இன்னிக்குத் தேதில இருந்து பின்னாடி எண்ணாதீங்க அக்கா. கடைசியா திருத்தத்தோட வந்த அறிக்கைல இருந்து எண்ணுங்க. 2025 ஜூலை மாதிரி ஒண்ணுமில்லாத மாசத்தை போன் மேல பழியா போடக் கூடாது.


பொள்ளாச்சி_செல்கடை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி கடை சாத்தின பிறகு வீட்டுக்காரரும் நானும் உக்காந்து ஒரு வழிக்கு வந்தோம். ஸ்டிக்கர்ல மூணு வரி வருது.

ஒண்ணு, "கம்பெனி சொன்ன கடைசி மாசம்". சொல்லலைன்னா "சொல்லவில்லை"ன்னே எழுதுவேன். அதுவும் வாங்கறவருக்கு ஒரு தகவல்தானே.

ரெண்டு, "இந்த போனில் இப்போது உள்ள பேட்ச்". மாடலுக்கு இல்லை, அந்தப் போனுக்கு. ஏன்னா ஒரே மாடல்ல ரெண்டு போன் வரும், ஒண்ணுல எல்லா அப்டேட்டும் இருக்கும், இன்னொண்ணுல முன்ன வெச்சிருந்தவர் ரெண்டு வருஷமா "பிறகு"ன்னு தட்டிட்டே வந்திருப்பார். விக்கறதுக்கு முன்னாடி வைஃபைல போட்டு வர்ற அப்டேட் எல்லாத்தையும் ஏத்திட்டுத்தான் இந்த வரியை எழுதுவேன். ரோம் மாத்தின போனா இருந்தா வெண்டர் தேதிதான் இதுல வரும், மேல காட்டற தேதி வராது.

மூணு, ஒரே வார்த்தை: "வருது", "கொஞ்சம் வருது", "நின்னுடுச்சு". தேதி படிக்காதவங்களும் இதைப் படிப்பாங்க. மணி தம்பி சொன்னதுல எனக்கு உறைச்சது அதுதான், புரியலைன்னா எழுதியும் பிரயோஜனம் இல்லை. கம்பெனி சொன்ன மாசம் தாண்டலை, பேட்சும் நாலு மாசத்துக்குள்ள இருக்குன்னா "வருது". எக்ஸ்ஆர், சாம்சங் அரை வருஷ லிஸ்ட் இதெல்லாம் "கொஞ்சம் வருது". கம்பெனி சொன்ன மாசம் போயிடுச்சு, இல்ல லிஸ்ட்லயே இல்லை, இல்ல "கொஞ்சம் வருது"ல சேராத போன்ல நாலு மாசத்துக்கு மேல திருத்தம் வந்து சேரலைன்னா "நின்னுடுச்சு".

பிக்சல் 4ஏ, ரெட்மி நோட் 4 ரெண்டும் "நின்னுடுச்சு". அதுக்காகத் தூக்கிப் போட மாட்டேன். தோட்டத்துல கேமரா பாக்கறதுக்கு, பாட்டு கேக்கறதுக்கு, வீட்டுக்குள்ள ஹாட்ஸ்பாட்டுக்குன்னு கேட்டு வர்றவங்க இருக்காங்க. தனி அடுக்கு, குறைச்ச விலை. பேங்க் சிம் இதுல போடாதீங்கன்னு வாய்லயும் சொல்லிக் குடுப்பேன்.

இதனால எனக்குக் கொஞ்சம் நஷ்டம் வரும்னு தெரியும். "நின்னுடுச்சு"ன்னு எழுதின போனை முன்ன வித்த விலைக்கு விக்க முடியாது, அதனால வாங்கற விலையையும் குறைக்கணும், கொண்டு வர்றவங்க அடுத்த கடைக்குப் போவாங்க. போகட்டும். எக்ஸ்சேஞ்ச்ல எடுக்கும்போதே மீதி எத்தனை மாசம்னு பாத்து விலை சொல்லப் போறேன். பேட்டரி ஹெல்த் பாத்து விலை சொல்றோமில்லீங்களா, இதையும் பாக்க வேண்டியதுதான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. சில கம்பெனி பக்கத்துல லிஸ்டும் இல்லை, தேதியும் இல்லை. அப்படிப்பட்ட போனுக்கு என்ன பண்றது?


ராயப்பேட்டை_ரோம் எழுதியது:

அக்கா, அதுக்கு ரெண்டாவது வரியும் நாலு மாசக் கணக்குமே போதும். முதல் வரில "சொல்லவில்லை". மூணாவது வரியை விக்கற அன்னிக்கு எழுதுங்க, ஷோகேஸ்ல வைக்கற அன்னிக்கு இல்லை. ரெண்டு மாசம் ஷோகேஸ்லயே கிடந்த போன்ல பழைய "வருது" இருந்தா அது பொய்யாயிடும். ஸ்டிக்கர்ல எழுதின நாளையும் ஒரு மூலையில போட்டுடுங்க.


வேலூர்_மணி எழுதியது:

அப்பா போனைப் பாத்தேன். பேட்ச் 2020ல நிக்குது. குரோம் 138லயே இருக்கு, அதுக்கு மேல ஏற மாட்டேங்குது. அவர் பென்ஷன் கணக்கு, யுபிஐ ரெண்டும் அதுலதான் இருக்கு. அவருக்குப் புது போன் வேண்டாமாம், எழுத்து பெரிசா வெச்சுப் பழகின போன் அதுதான்னு பிடிவாதம். என்ன பண்ணலாம் அக்கா?


பொள்ளாச்சி_செல்கடை எழுதியது:

பழகின போனைப் பிடுங்காதீங்க தம்பி. பேங்க் கணக்கோட சேந்த சிம்மை மட்டும் "வருது"ன்னு இருக்கற வேற ஒரு போனுக்கு மாத்துங்க, விலை குறைஞ்சதா இருந்தாலும் பரவாயில்லை. யுபிஐயையும் பேங்க் ஆப்பையும் அதுல போட்டுட்டு, பழைய போன்ல இருந்து ரெண்டையும் எடுத்துடுங்க. மெயில் கணக்கையும் லாக் அவுட் பண்ணுங்க, பாஸ்வேர்டு மாத்தற லிங்க் எல்லாம் அங்கதான் வரும். பழைய போன்ல வேற சிம் போட்டுக் குடுங்க, பேசறதுக்கும் பாட்டுக்கும் யூட்யூபுக்கும் அதையே வெச்சுக்கட்டும். புது போன்லயும் எழுத்தை அதே அளவுக்குப் பெரிசு பண்ணி, முகப்புல யுபிஐ ஐகான் ஒண்ணை மட்டும் வெச்சுக் குடுங்க. எங்க கடைக்கு வர்ற பெரியவங்களுக்கு அப்படித்தான் செட் பண்ணிக் குடுக்கறேன், ஒரு வாரத்துல பழகிடறாங்க.